லேப்டாப் சிறியதா, பெரியதா? கழுத்தையும் கேட்டு வாங்குங்கள்

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். தினமும் மின்சார ரயிலில் தூக்கிக்கொண்டு போக வேண்டுமே என்று, சில ஆண்டுகளுக்கு முன் 13.3 அங்குல லேப்டாப் ஒன்றை வாங்கினேன். அதன் எடை ஒன்றேகால் கிலோதான். கையில் எடுத்ததும் பிடித்துப்போனது. ஆறு மாதத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. வலது தோள்பட்டை வரை இழுத்தது. இரவில் தலையணையை எப்படி வைத்தாலும் தூக்கம் வரவில்லை.

இயன்முறை மருத்துவர் கழுத்தைத் தொடவே இல்லை. “லேப்டாப்பைத் திறந்து, வேலை செய்யற மாதிரி உட்கார்ந்து காட்டுங்க” என்றார். காட்டினேன். என் மூக்குக்கும் திரைக்கும் நடுவில் ஒன்றரைச் சாண் இடைவெளிகூட இல்லை. தமிழ் எழுத்தின் மேல் புள்ளி இருக்கிறதா, இல்லையா என்று பார்க்க நாள் முழுவதும் குனிந்தே இருந்திருக்கிறேன். எனக்கே அது தெரியவில்லை.

இப்போது மகள் கல்லூரிக்குப் போகிறாள். “அம்மா, 14 இன்ச்சா, 15.6 இன்ச்சா?” என்று கேட்டாள். கடைக்காரர்கள் பிராசஸரையும் ரேமையும் பற்றி நிறையச் சொல்வார்கள். உடம்பைப் பற்றி நாம்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

திரை பெரிதானால் கழுத்து நிமிருமா?

நிமிராது. பலரும் ஏமாறுவது இங்கேதான்.

திரையின் அளவை மூலைக்கு மூலை குறுக்காக அளந்து சொல்கிறார்கள். அகலத் திரையாக இருந்தால், 14 அங்குலத்தின் உயரம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர்; 15.6 அங்குலத்தின் உயரம் 19 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். இரண்டுக்கும் வித்தியாசம் விரல் அகலம்தான். மேசை முன் நிமிர்ந்து உட்கார்ந்தால் நம் கண் மேசையிலிருந்து கிட்டத்தட்ட ஒரு முழ உயரத்தில் இருக்கிறது. எந்த லேப்டாப்பின் மேல்விளிம்பும் ஒரு சாண் அளவுக்கே எட்டும். மிச்ச உயரத்தைக் கழுத்துதான் குனிந்து ஈடுகட்டுகிறது.

நம் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் ஒரு கணக்கை வெளியிட்டார். தலையை 15 டிகிரி முன்னால் சாய்த்தால் கழுத்தெலும்பின் மேல் ஏறும் சுமை 12 கிலோ. 30 டிகிரிக்கு 18 கிலோ. 45 டிகிரிக்கு 22 கிலோ. மனிதர்களின் கழுத்தில் கருவி வைத்து அளந்ததல்ல, மாதிரி அமைத்துக் கணக்கிட்டது. ஆனாலும் குனியக் குனியச் சுமை எப்படி ஏறுகிறது என்பது விளங்குகிறது.

திரையும் கீபோர்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதுதான் லேப்டாப்பின் மூலக் குறை. கைக்கு வசதியாக வைத்தால் கண்ணுக்குத் தாழ்வு. கண்ணுக்கு உயர்த்தினால் கையைத் தோள் வரை தூக்க வேண்டும். இரண்டையும் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. லேப்டாப்பை உயர்த்தி வைக்க ஒரு ஸ்டாண்ட், தனியாக ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ். ஏறக்குறைய 2,000 ரூபாயில் மூன்றையும் வாங்கிவிடலாம். ஸ்டாண்ட் வாங்க முடியாவிட்டால் தடித்த புத்தகங்களை அடுக்கலாம். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். அதற்கும் மேலே போனால் கண்ணை அகலத் திறந்து பார்க்க நேரும். கண் சீக்கிரம் உலர்ந்துவிடும்.

அடுத்த பெரிய மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை முதலில் இந்த மூன்றுக்கும் ஒதுக்குங்கள் என்று, கேட்கிற எல்லோரிடமும் நான் சொல்கிறேன்.

கண்ணுக்கு எது இதம்?

கண்ணைப் பொறுத்தவரை பெரிய திரைக்கு உண்மையிலேயே ஓர் அனுகூலம் உண்டு. 13.3 அங்குலத்திலும் 15.6 அங்குலத்திலும் ஒரே ஃபுல் ஹெச்டி தெளிவு இருந்தால், புள்ளிகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான். அதனால் சின்னத் திரையில் எழுத்து ஏறக்குறைய 15 சதவீதம் சிறுத்துத் தெரியும். ஆங்கில எழுத்தை எப்படியோ சமாளிக்கலாம். தமிழில் ‘ண’வும் ‘ன’வும், புள்ளி வைத்ததும் வைக்காததும் அந்த அளவில் குழம்பும். கண் தடுமாறினால் தலை முன்னே போகும். என் கழுத்து வலி தொடங்கியது கண்ணில்தான்.

செட்டிங்ஸில் எழுத்தின் அளவை 125 அல்லது 150 சதவீதமாக்கினால் இந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒரு பார்வையில் தெரியும் வரிகள் குறையும், அவ்வளவுதான். அகலத்துக்கு உயரம் சற்றுக் கூடுதலாக உள்ள 16:10 திரை கிடைத்தால் அந்த வரிகளில் சில திரும்பக் கிடைக்கும்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வந்துவிடும். அவர்கள் தயங்காமல் பெரிய திரைக்குப் போகலாம். ஒரே கண்ணாடியில் தூரத்துக்கு மேலும் கிட்டத்துக்குக் கீழும் பார்ப்பவர்களா? கவனியுங்கள்: கீழ்ப் பகுதி வழியாகத் திரையைப் பார்க்க முகவாயைத் தூக்கிக்கொண்டே இருப்பீர்கள். குனிவதைப் போலவே அதுவும் கழுத்தைக் கெடுக்கும். கணினித் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி எழுதித் தரும்படி கண் மருத்துவரிடம் கேளுங்கள்.

திரை எந்த அளவாக இருந்தாலும் கண் உலர்வதைத் தவிர்க்க இமைக்க வேண்டும். நிமிடத்துக்கு 15 முறைபோல இமைக்கும் கண், திரையை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு தென்னை மரம் போதும். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அதனால் கண் களைப்பு குறைவதாகத் தெரியவில்லை என்றுதான் 2023இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது. அந்தப் பணத்தில் டியூப்லைட் வெளிச்சம் கண்ணாடிபோல் பிரதிபலிக்காத மங்கல் பூச்சுத் திரையை வாங்கலாம்.

தோளில் ஏறும் கணக்கு

பெரியதன் விலையைத் தோள் கொடுக்கிறது. 14 அங்குலம் பெரும்பாலும் 1.3 முதல் 1.5 கிலோ. 15.6 அங்குலம் 1.6 முதல் 1.9 கிலோ. விளையாட்டுக்கான லேப்டாப் இரண்டரை கிலோ வரை போகும். அதன் சார்ஜரே அரை கிலோவுக்கு மேல். இதோடு ஒரு லிட்டர் தண்ணீர், சாப்பாட்டு டப்பா, குடை, இரண்டு நோட்டு. 2020ஆம் ஆண்டின் தேசியப் பள்ளிப் பை கொள்கை, குழந்தையின் உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் பை இருக்கக் கூடாது என்கிறது. பெரியவர்களுக்கு அப்படி ஒரு கொள்கை இல்லை. ஆனால் 50 கிலோ எடையுள்ள பெண் பேருந்தில் நின்றபடி 6 கிலோ சுமந்தால் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது.

தணிக்கை அலுவலகத்தில் வேலை செய்யும் என் தோழி பெரிய லேப்டாப்பை ஒற்றைப் பட்டைப் பையில் மூன்று வருடம் தூக்கினாள். எப்போதும் இடது தோள்தான். இன்று அந்தத் தோள் சற்று உயர்ந்தே நிற்கிறது. இரண்டு தோளிலும் மாட்டும் பை வாங்குங்கள். லேப்டாப் முதுகை ஒட்டியிருக்கட்டும்.

எண் விசைகள் இழுக்கும் திசை

இதை யாரும் சொல்வதில்லை. 15.6 அங்குல மாடல்கள் பலவற்றில் வலப்பக்கம் தனி எண் விசைகள் இருக்கின்றன. அதனால் எழுத்து விசைகள் இடப்பக்கம் ஒதுங்கிவிடுகின்றன. கை இடது பக்கம், பார்வை திரையின் நடுவில் என்று இடுப்பு மெல்ல முறுக்கிக்கொள்ளும். மவுஸும் தள்ளிப்போவதால் வலது கை விலகியே இருக்கும். நாள் முழுவதும் எண்களைப் பதிபவர்களுக்கு அந்த விசைகள் தேவை. எழுதுபவர்களும் மாணவர்களும் அவை இல்லாததையே தேடலாம்.

மடியில் வேண்டாம்

பெயர்தான் மடிக்கணினி. 2010இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் 12 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார்கள்: மாதக்கணக்கில் தினமும் தொடைமேல் வைத்து விளையாடியதில், இடது தொடைத் தோலில் வலைபோல் கருஞ்சிவப்புத் தடம் விழுந்துவிட்டது. அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் 29 ஆண்களிடம் செய்த ஆய்வில், ஒரு மணி நேரம் மடியில் வைத்ததும் விதைப்பையின் வெப்பம் 2.6 முதல் 2.8 டிகிரி செல்சியஸ் வரை உயர்ந்தது. தொடைகளைச் சேர்த்து உட்கார்ந்ததே அதில் பெரும்பங்கு. குழந்தைப்பேற்றைப் பாதிக்கும் என்று அது நிரூபித்துவிடவில்லை. என்றாலும் வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

எப்போது மருத்துவரிடம் போவது?

கழுத்து வலி கை வழியே இறங்கினால், விரல்கள் மரத்துப்போனால், பிடித்த டம்ளர் நழுவினால், இரவில் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் எரிந்து எழுப்பினால் தைலம் தேய்த்துக் காத்திருக்க வேண்டாம். திடீரென்று பார்வை மங்கினால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.

கடையில் உட்கார்ந்து பாருங்கள்

கடைகளில் லேப்டாப்பை இடுப்பு உயர மேடையில் வைத்திருப்பார்கள். நாமும் நின்றபடியே பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். நாங்கள் ஒரு நாற்காலியும் மேசையும் கேட்டோம். மகள் உட்கார்ந்து, கை நீளத் தூரத்தில் திரையை வைத்து, தமிழ்ச் செய்திப் பக்கம் ஒன்றைப் பத்து நிமிடம் படித்தாள். பையில் போட்டு மாடிப்படி ஏறி இறங்கினாள். எண் விசை இல்லாத 14 அங்குலத்தை எடுத்துக்கொண்டாள். கூடவே ஸ்டாண்ட், கீபோர்டு, மவுஸ். மேசையில் வேலை செய்யும் எனக்கு ஒரு பெரிய திரை தனியாக வந்தது. என் பழைய சின்ன லேப்டாப் அதில் இணைந்து நன்றாகவே ஓடுகிறது.

விடுதிக்குப் போன பிறகு ஸ்டாண்டை வைக்கிறாளா என்று நான் கேட்பதில்லை. ராத்திரி வீடியோவில் கூப்பிடுவாள். முகம் நேருக்கு நேர் தெரிந்தால் மேசையில் இருக்கிறாள். முகவாயும் மூக்குத் துவாரமும் மின்விசிறியும் தெரிந்தால், கட்டிலில் சம்மணமிட்டு மடியில் வைத்திருக்கிறாள். “எழுந்து மேசைக்குப் போடீ கண்ணு” என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறேன்.