தண்டவாளம் போன வழியே ஒரு சைக்கிள் யாத்திரை

பெல்ஜியமும் ஜெர்மனியும் லக்ஸம்பர்க்கும் பிரான்சின் ஒரு மூலையும் தோளோடு தோள் உரசி நிற்கும் இடத்தில் ஆர்டென் என்னும் வனப்பிரதேசம் இருக்கிறது. மலை என்று மார்தட்டிக் கொள்ளும் உயரம் அதற்குக் கிடையாது. பெல்ஜிய தேசத்தின் சிகரமாகிய போத்ராஞ்ஜ் மேடே 694 மீட்டர்தான். அந்தக் குறையைப் பொறுக்க மாட்டாமல் 1923-ஆம் ஆண்டில் அங்கே ஆறு மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் குவித்துப் படிக்கட்டும் கட்டி, கணக்கை 700 ஆக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் உயரத்தை வைத்து ஆர்டெனை எடை போடுவது தவறு. சின்னஞ்சிறு நதிகள் பூமியை ஆழ அறுத்துக்கொண்டு வளைந்து வளைந்து ஓடுவதால், நாலு மைலுக்கு ஒருமுறை பாதாளத்தில் இறங்கி மறுபடியும் ஏறவேண்டிய பூமி அது. மோட்டாரில் போகிறவருக்கு இது தெரிவதில்லை. பெடலை மிதிக்கிறவனுக்கு அரை மணியில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு, இந்தக் காட்டில் நடந்த யுத்தங்களைப் பற்றிய புஸ்தகங்களை அவன் வேறு விதமாகத்தான் வாசிப்பான்.

பெரிய சைனியம் எதுவும் இவ்வளவு மேடு பள்ளங்களையும் இடுக்கான சாலைகளையும் சீக்கிரத்தில் கடந்து வர முடியாது என்று பிரெஞ்சுத் தளபதிகள் நம்பியதால், 1940-இல் இந்தப் பக்கத்துக் காவலை இளக்கமாக விட்டிருந்தார்கள். மே மாதம் 10-ஆம் தேதி எல்லையைத் தாண்டிய ஜெர்மன் டாங்கிகள் 12-ஆம் தேதி மாலையில் மியூஸ் நதிக்கரையை எட்டி, மறுநாள் செடான் அருகே அதைக் கடந்துவிட்டன. பிரான்சின் வீழ்ச்சி அங்கேயே நிச்சயமாகிவிட்டது. அந்த முதல் நாளில் போடாஞ்ஜ் என்ற சிற்றூரில் ஒரு முழு டாங்கிப் படையைப் பல மணி நேரம் தடுத்து நிறுத்தியவர்கள், ‘ஆர்டென் வேட்டுவர்’ என்று பெயர் பெற்ற பெல்ஜிய வீரர்களில் ஒரு சிறு கூட்டத்தார். காட்டுப்பன்றித் தலையைச் சின்னமாகத் தரித்த அந்தப் படையினரில் பெரும்பாலோருக்கு வாகனம் சைக்கிள். ஆகவே இந்த வனத்தில் சைக்கிள் உல்லாசத்துக்காகப் பிற்பாடு வந்து சேர்ந்த விருந்தாளி அல்ல. 1892-இல் தொடங்கி, இப்போது லியேஜ் நகரத்திலிருந்து பாஸ்தோன் வரை சென்று திரும்பும் சைக்கிள் பந்தயத்தின் தேசம் அது.

ஆர்டெனைச் சுற்றிப் பார்க்க விரும்பும் சாமானிய மனிதருக்கு, பந்தயக்காரர்களுடைய கால்கள் இல்லையென்றாலும், ஒரு நல்ல வழி இருக்கிறது. ஜெர்மனியிலுள்ள ஆகென் நகரத்தின் நிலக்கரியை லக்ஸம்பர்க்கின் இரும்பு உலைகளுக்கும், அங்கிருந்து இரும்புத் தாதுவை ஆகெனுக்கும் கொண்டு செல்வதற்காகப் பிரஷ்ய அரசாங்கம் 1885-க்கும் 1889-க்கும் இடையில் ஒரு ரயில் பாதை போட்டது. சதுப்பு நிலங்களின் வழியே போனதால் அதற்கு ‘ஃபென்பான்’ என்று பெயர். ரயில்கள் நின்று, தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்ட பிறகு, அந்த 125 கிலோமீட்டர் வழியை வழவழப்பான சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். கரிவண்டி இழுக்கும் என்ஜினுக்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது அல்லவா? அந்த என்ஜினுக்குச் செய்த சௌகரியம் இன்று நம் முழங்காலுக்குக் கிடைக்கிறது. பாதையை விட்டுப் பக்கத்துக் கிராமத்துக்கு ஒரு வாய் ரொட்டி வாங்கத் திரும்பினால்தான் ஆர்டெனின் சொந்த சுபாவம் தெரியும்.

முதல் மகாயுத்தம் முடிந்ததும் இந்தப் பாதையைப் பெல்ஜியத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். நிலம் ஜெர்மனிக்கு, தண்டவாளம் பெல்ஜியத்துக்கு என்று தீர்ந்த அந்த விசித்திரமான பாகப்பிரிவினை இன்றும் அப்படியே நிற்கிறது. சில இடங்களில் நம் சக்கரம் உருளும் சில அடி அகலம் மட்டும் பெல்ஜியம். இடது கையை நீட்டினாலும் ஜெர்மனி, வலது கையை நீட்டினாலும் ஜெர்மனி. இந்த ஏற்பாட்டால் தாய்நாட்டிலிருந்து துண்டிக்கப்பட்டு நிற்கும் ஜெர்மன் திட்டுகள் ஐந்து. அவற்றுள் மிகச் சிறியதில் ஒரு வீடும் அதன் தோட்டமுமே உண்டு.

ஆகெனிலிருந்து தெற்கே புறப்பட்டால் ரோட்கன் வருகிறது. 1944 செப்டம்பர் 12-ஆம் தேதி அமெரிக்கர்கள் பிடித்த முதல் ஜெர்மன் ஊர் இதுதான். அதன் சுற்றுப்புறத்தில், டாங்கிகளை மறிப்பதற்காக ஹிட்லர் நட்டுவைத்த சிமெண்டுக் கூம்புகள், டிராகனின் பற்கள் என்று பெயர் பெற்றவை, பாசி படிந்து வரிசை வரிசையாக நிற்கின்றன. மாடுகள் அவற்றின் நடுவே நிம்மதியாக மேய்கின்றன.

இங்கே பாதையை விட்டுக் கிழக்கே திரும்பி, ஹுயர்ட்கன் காட்டுக்குள் ஒரு முழு நாளைச் செலவிடும்படி நான் சிபாரிசு செய்வேன். பின்னால் வரப்போகும் பாஸ்தோன் யுத்தத்தின் கீர்த்தி இதற்கு இல்லை. ஜெயித்தவர்களே பேச விரும்பாத யுத்தம் இது. 1944 செப்டம்பரில் தொடங்கி மறு வருஷம் பிப்ரவரி வரை இழுத்துக்கொண்டு போன சண்டையில் அமெரிக்கர்களுக்கு ஏற்பட்ட சேதம் சுமார் 33,000 பேர். அமெரிக்க எழுத்தாளர்களில், நிருபராக வந்த ஹெமிங்வேயும் சிப்பாயாக வந்த சாலிஞ்சரும் இதைக் கண்ணால் கண்டவர்கள். இந்தக் காட்டில் எதிரிக்குத் துணை நின்றது மரம். பீரங்கிக் குண்டு தரையில் விழுந்து வெடித்தால், படுத்துக்கொண்டவன் பிழைப்பான். எல்லாப் பட்டாளத்திலும் கற்பிக்கும் பாடம் அதுதான். இங்கேயோ குண்டுகள் ஊசியிலை மரங்களின் உச்சியிலேயே வெடித்து, இரும்புச் சிதறலையும் மரச் சிம்புகளையும் மழை போல் மேலிருந்து கொட்டின. குப்புறப் படுத்தவன் முதுகு முழுவதையும் அதற்குக் காட்டினான். கற்ற பாடத்தை மறந்து, அடிமரத்தைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்கவும், குழிக்கு மேலே மரக்கட்டைகளால் கூரை போடவும் பழகியவர்கள் மிஞ்சினார்கள். வெட்டிய குழிகள் பல இன்னும் தூர்ந்து போகாமல் இலைச் சருகு நிரம்பிக் கிடக்கின்றன. அவற்றைப் பார்க்கும் ஆசையில் பாதையை விட்டுக் காட்டுக்குள் நுழையக்கூடாது. வெடிக்காத குண்டுகள் மண்ணுக்குள் இன்னும் இருக்கின்றன. துருப்பிடித்த இரும்பு எது கண்ணில் பட்டாலும் தொடாமல் வருவதே புத்திசாலித்தனம்.

ஹுயர்ட்கன் ஊரின் போர்வீரர் மயான வாசலில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1944 நவம்பர் 12-ஆம் தேதி, கண்ணிவெடி வயலில் அடிபட்டு உதவி கேட்டுக் கதறிக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கச் சிப்பாயைத் தூக்கிவரப் புறப்பட்டு, தானே கண்ணிவெடியை மிதித்து உயிர்விட்ட ஃப்ரீட்ரிஷ் லெங்ஃபெல்ட் என்ற ஜெர்மன் லெப்டினன்டுக்காக எழுப்பியது அது. எழுப்பியவர்கள் ஜெர்மானியர் அல்லர். அவர் தரப்பை எதிர்த்து அதே காட்டில் சண்டையிட்ட அமெரிக்க ரெஜிமெண்டின் வயோதிக வீரர்கள், ஐம்பது வருஷத்துக்குப் பிறகு, 1994-இல்.

அருகில் ஷ்மிட் என்ற கிராமம். யுத்தத்தில் தரைமட்டமான அதன் மாதாகோயிலை மறுபடி கட்டிய கதையில் நம்மவர்களுக்கு விசேஷ ருசி இருக்கும். யுத்தம் முடிந்த வருஷங்களில் ஜெர்மனியில் காபிக்குக் கடுமையான வரி. எல்லைக்கு அப்பால் பெல்ஜியத்திலோ விலை மலிவு. சோற்றுக்கு வழியற்ற எல்லையோரத்து ஜனங்கள், கண்ணிவெடிகளுக்கு நடுவே தங்களுக்கு மட்டும் தெரிந்த ஒற்றையடித் தடங்களில், இரவோடு இரவாகக் காபிக்கொட்டை மூட்டைகளைச் சுமந்தார்கள். அந்த லாபத்தில் ஒரு பங்கு கோயில் திருப்பணிக்கும் போயிற்று என்பதால், அந்தக் கோயிலுக்கு ‘மோக்கா முனிவர்’ என்று பரிகாசப் பெயர் உண்டு. 1953-இல் வரியைக் குறைத்தார்கள், கடத்தலும் படுத்துவிட்டது.

மறுபடி பழைய பாதைக்கு வந்து, மொன்ஷாவ் ஊரின் மரச்சட்ட வீடுகளைத் தாண்டித் தெற்கே போகையில், 1944 டிசம்பர் 16-ஆம் தேதி விடியலில் ஜெர்மனி தன் கடைசிப் பலத்தையெல்லாம் திரட்டிப் பாய்ந்த களத்துக்குள் நுழைகிறோம். ஆண்ட்வெர்ப் துறைமுகத்தைப் பிடித்து நேச நாடுகளின் படைகளை இரண்டாகப் பிளப்பது ஹிட்லரின் திட்டம். ஆகாய விமானங்கள் கிளம்ப முடியாத மூடுபனி அவருக்குக் கிடைத்தது. போதுமான பெட்ரோல் கிடைக்கவில்லை. பாதைக்கு மேற்கே உள்ள போன்யே நாற்சந்தியில் 84 அமெரிக்கக் கைதிகளைச் சுட்டுக் கொன்ற, ஜெர்மன் அதிகாரி பெய்ப்பரின் டாங்கிப் படை, பாலங்கள் தகர்க்கப்பட்டதால் வழி தப்பி, லா கிளேஸ் கிராமத்தில் பெட்ரோல் தீர்ந்துபோய், வண்டிகளைப் போட்டுவிட்டு நடந்து தப்பியது. அவர்கள் விட்டுச்சென்ற ராட்சச டாங்கி ஒன்று இன்றும் ஊர் நடுவே உட்கார்ந்திருக்கிறது. அந்த ஏற்றத்தைச் சைக்கிளில் ஏறி மூச்சு வாங்க நின்று பார்த்தவர்களுக்கு, எழுபது டன் இரும்பு எவ்வளவு எண்ணெய் குடித்திருக்கும் என்று யாரும் விளக்கவேண்டியதில்லை.

செயின்ட் வித் நகரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை; கிறிஸ்துமஸ் வாரத்தில் விழுந்த குண்டுகளில் ஒரு பழைய கோபுரம் தவிர ஏறக்குறைய எல்லாம் அழிந்து, புதிதாகக் கட்டிய ஊர் அது. மேற்கே பாஸ்தோன். ஏழு சாலைகள் கூடும் ஊர் என்பதாலேயே இரண்டு தரப்புக்கும் அது உயிர்நிலையாயிற்று. சுற்றி வளைத்த ஜெர்மானியர் சரணடையச் சொல்லி எழுதிய நீண்ட ஓலைக்கு, டிசம்பர் 22-ஆம் தேதி ஊரைக் காத்துநின்ற அமெரிக்கத் தளபதி மெக்காலிஃப் அனுப்பிய பதில் ‘நட்ஸ்’ என்ற ஒற்றைச் சொல். ‘போய்த் தொலையுங்கள்’ என்று பொருள்படும் இந்தக் கொச்சை புரியாமல் ஜெர்மன் தூதர்கள் விழிக்க, கூட வந்த கர்னல் வியாக்கியானம் செய்யவேண்டி வந்ததாம். 26-ஆம் தேதி அமெரிக்க ஜெனரல் பாட்டனின் டாங்கிகள் முற்றுகையை உடைத்தன. 1950-இல் திறந்த நட்சத்திர வடிவ ஞாபகார்த்த மண்டபத்தில் கூட்டம் ஜாஸ்தி. எனக்கு என்னவோ, சில மைலுக்கு அப்பால் ரெகோன் கிராமத்தில் 6,800-க்கும் மேற்பட்ட ஜெர்மானியர் உறங்கும் ஆளரவமற்ற மயானமே அதிகம் பேசுகிறது.

யாத்திரைக்கு மே முதல் செப்டம்பர் வரை உகந்த காலம். மழைச்சட்டை எந்த மாதத்திலும் அவசியம். பாதை முடியும் ஊர் லக்ஸம்பர்க்கில் இருக்கும் த்ருவாவியேர்ஜ், அதாவது மூன்று கன்னியர். 1914 ஆகஸ்டு முதல் தேதி மாலை ஏழு மணிக்கு, நடுநிலை வகித்த அந்தச் சின்ன நாட்டின் இந்த ரயில் நிலையத்தை, மோட்டார் வண்டிகளில் வந்த ஒரு ஜெர்மன் படைப்பிரிவு கைப்பற்றியது. அரை மணி நேரத்தில் இன்னொரு வண்டி வந்து, தவறு நேர்ந்துவிட்டது என்று சொல்லி அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டு போயிற்று. மறுநாள் அவர்கள் தவறில்லாமலே வந்தார்கள். 2020 முதல் லக்ஸம்பர்க்கில் ரயிலுக்குக் கட்டணம் இல்லையாதலால், அதே நிலையத்தின் பிளாட்பாரத்தில் சேறு படிந்த சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, டிக்கெட் வாங்கும் கவலையில்லாமல் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கலாம்.