சிவப்புப் பெட்டிக்குள் உங்கள் கல்யாண ஆல்பம்!

டேட்டா சென்டரின் கதவு திறந்திருக்கிறது! ஆள் உயரத்துக்கு ரேக்குகள், காதை அடைக்கும் ஃபேன் இரைச்சல், ரேக்கு முழுக்கப் பளீர் சிவப்பில் இரும்புப் பெட்டிகள். ஒன்றின் மூடியைத் தூக்கினால்... அடேயப்பா! நம் வீட்டு கம்ப்யூட்டரில் இருக்கிற அதே ஹார்டு டிஸ்க்குகள், அலமாரியில் புத்தகம் அடுக்கியது மாதிரி 45 நிற்கின்றன!

இது பேக்பிளேஸ் என்ற அமெரிக்க பேக்கப் நிறுவனத்தின் பெட்டி. 67 டெராபைட் கொள்ளும் இதை 7,867 டாலரில் எப்படிச் செய்தார்கள் என்று 2009-ல் வரைபடம், உதிரிபாகப் பட்டியல் சகிதம் ஊருக்கே காட்டிவிட்டார்கள். வேண்டுமானால் நீங்களும் செய்துகொள்ளுங்கள் என்றார்கள்! தொழில் ரகசியத்தை இப்படித் திறந்து வைக்கிறவர்களிடம்தான் என் குடும்பப் படங்களைக் கொடுக்க மனசு வருகிறது. விலைப்பட்டியலைப் பார்ப்பதெல்லாம் அப்புறம்.

இனிமேல்தான் மாயாஜாலம். உங்கள் கல்யாணப் படம் ஒன்று கிளம்புகிறது என்று வையுங்கள். உங்கள் கம்ப்யூட்டரிலேயே பூட்டப்பட்டு அங்கே போய்ச் சேர்ந்ததும், அதை 17 துண்டாக்குகிறார்கள். அந்த 17-ஐ வைத்துக் கணக்குப் போட்டு இன்னும் 3 துண்டுகளை உண்டாக்குகிறார்கள். ஆக 20 துண்டு, 20 பெட்டி. ஒவ்வொரு பெட்டியும் வேறு வேறு ரேக்கில்! எந்த மூன்று பெட்டி ஒரே நேரத்தில் படுத்தாலும் மிச்சம் 17-லிருந்து படம் முழுசாக எழுந்து வரும். மணப்பெண் நெற்றிச்சுட்டியில் ஒரு புள்ளிகூடக் குறையாது. ரீட், சாலமன் என்ற இரண்டு கணித நிபுணர்கள் 1960-ல் கண்டுபிடித்த வித்தை இது. சிடியில் கீறல் விழுந்தும் பாட்டு ஓடியதே, கிழிந்த க்யூஆர் கோடு ஸ்கேன் ஆகிறதே, எல்லாம் அதே கணக்குதான். நினைக்க நினைக்க எனக்குப் புல்லரிக்கிறது!

இன்னொரு கூத்தும் உண்டு. 2011-ல் தாய்லாந்தில் பெருவெள்ளம். அங்கிருந்த ஹார்டு டிஸ்க் ஆலைகள் மூழ்கின, விலை எகிறியது. பேக்பிளேஸ் ஊழியர்களும் அவர்கள் வீட்டாரும் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். ஆளுக்கு இரண்டு டிஸ்க்தான் தருவோம் என்று கடைக்காரர்கள் கட்டுப்பாடு வைக்க, கடைக்குக் கடை மாறி வாங்கிக் குவித்து, மேல் உறையை உடைத்து உள்ளிருக்கும் டிஸ்க்கை எடுத்துப் பெட்டியில் மாட்டினார்கள். யாரோ ஒருவர் வீட்டுப் படங்கள் அப்படிக் காப்பாற்றப்பட்டிருக்கின்றன!

எந்த மாடல் டிஸ்க் எத்தனை செத்தது என்ற கணக்கையும் 2013 முதல் வெளியிடுகிறார்கள். சமீப ஆண்டுகளில் அது வருடத்துக்கு நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டுக்குள். அங்கேயே அப்படியென்றால், மேசை இழுப்பறையில் கிடக்கும் உங்கள் ஒற்றை டிஸ்க்கை மட்டும் நம்பி இருக்கலாமா?

இப்போது பிரான்சுக்கு ஓடுவோம். ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் 2021 மார்ச் 10 நள்ளிரவுக்குப் பின் தீப்பிடித்து எரிந்தே போனது. நல்லவேளை, ஒருவருக்கும் காயமில்லை. லட்சக்கணக்கான இணையதளங்கள் படுத்தன. அதில் என்னைப் பதறவைத்தது ஒன்றுதான்: பேக்கப்புக்குத் தனியாகக் காசு கட்டியிருந்த சிலருக்கும் எதுவும் மிஞ்சவில்லை. சர்வர் இருந்த அதே வளாகத்தில்தான் பேக்கப்பும் இருந்திருக்கிறது!

அதனால் உங்கள் இணையதளத்துக்கு ஹோஸ்டிங் வாங்கும்போது, "தினசரி பேக்கப் இலவசம்" என்ற வரியைக் கண்டதும் சாட்டில் கேட்டுவிடுங்கள்: அந்த பேக்கப் எந்த ஊரில் இருக்கிறது? பதில் சொல்லத் திணறினால் அடுத்த கடைக்குப் போங்கள். ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடித்தனம் நடத்தும். சின்ன வலைப்பூவுக்கு அது தாராளமாகப் போதும். 99.9 சதவீதம் ஓடும் என்பது வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் படுக்கலாம் என்ற கணக்கு. அதுவும் பரவாயில்லை. முதல் வருட விலையை விட்டுவிட்டு ரினியூவல் விலையைப் பாருங்கள். எஸ்எஸ்எல் சான்றிதழுக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், லெட்ஸ் என்க்ரிப்ட் அதை இலவசமாகவே தருகிறது. டொமைன் மட்டும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், முடிந்தால் வேறு நிறுவனத்தில் இருக்கட்டும். அது கையில் இருந்தால் தளத்தை எந்த நாளும் வேறு இடத்துக்குக் குடிமாற்றலாம்.

கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் இருக்கே என்பவர்களிடம் எனக்கு மன்றாடவே தோன்றுகிறது. அவை சிங்க் செய்பவை. போனில் குழந்தை கை பட்டு ஒரு ஃபோல்டர் அழிந்தால் லேப்டாப்பிலும் சமத்தாக அழியும். குப்பைத்தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும், அவ்வளவுதான். பேக்கப் சேவையிலும் அழித்ததை எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 30 நாள் என்பவர்களும் உண்டு, ஒரு வருடம் என்பவர்களும் உண்டு. ஒரு வருடத்துக்குக் குறைந்தால் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்!

கடைசியாக, திரும்ப எடுக்கும் வழி. 10 எம்பிபிஎஸ் இணைப்பில் 100 ஜிபி நகர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். ஆயுள் சேமிப்பு மொத்தத்தையும் அப்படி இறக்க வாரக்கணக்காகும் என்பதால், சில சேவைகள் எல்லாவற்றையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிக் கூரியரில் அனுப்புகின்றன. படங்களைக் காப்பி செய்துகொண்டு டிஸ்க்கைத் திருப்பி அனுப்பினால், அதற்குக் கட்டிய பணத்தையும் பேக்பிளேஸ் திருப்பித் தந்துவிடுகிறது!