துடைப்பம் பிடிக்கும் தாய். கமிஷனர் நாற்காலிக்குப் படிக்கும் மகன்!
எம்.ஏ. வாலிபரின் 3-வது முயற்சி

சென்னை,

வாலிபருக்கு வயது 24. எம்.ஏ. பொது நிர்வாகம் 2-ம் ஆண்டு படிக்கிறார். தாய் வடசென்னையில் தெரு கூட்டும் ஒப்பந்தத் தொழிலாளி. தந்தை இல்லை. கல்லூரி செல்லும் தங்கை ஒருத்தி. வாலிபருக்கு ஒரே லட்சியம், நகராட்சி கமிஷனர் ஆக வேண்டும்!

"பேரைப் போட்டுடாதீங்கண்ணா. பாஸ் பண்ணின பிறகு போட்டுக்கலாம்" என்று கேட்டுக்கொண்டார். எனவே பெயர் இல்லை.

ஏன் இந்த ஆசை?

"கையுறை இல்லேன்னு அம்மா மேஸ்திரிகிட்ட கேப்பாங்க. 'மேலே கேளு'ம்பார். அந்த 'மேலே' யாருன்னு சின்ன வயசுலேருந்து தேடிட்டிருக்கேன். அந்த நாற்காலியில நானே உக்காந்துட்டா?" என்கிறார்.

நகராட்சிக்குச் சேர்மன் ஆக வேண்டுமானால் தேர்தலில் வரவேண்டும். 1917-ல் ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவர் ஆனார். பெரியாரும் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தவர்தான். ஆனால் கமிஷனர் ஆகப் பரீட்சையில் வரவேண்டும்!

40 மார்க் கண்டம்

1688-ல் பிறந்த சென்னை மாநகராட்சிக்கு ஐ.ஏ.எஸ். அதிகாரிதான் கமிஷனர். சிறிய ஊர்களுக்கு வேறு வழி உண்டு. நகராட்சி கமிஷனர் (2-ம் நிலை), பேரூராட்சி செயல் அலுவலர் போன்ற பதவிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப்-2, 2-ஏ தேர்வுகள் வழியாக ஆள் எடுத்திருக்கிறார்கள்.

முதல்நிலைத் தேர்வில் 200 கேள்விகள், 300 மார்க், நேரம் 3 மணி. அதில் தேறினால் மெயின் தேர்வு. அங்கே தமிழ் தகுதித்தாளில் 100-க்கு 40 மார்க் எடுத்தே ஆக வேண்டும். 39 எடுத்தால் அவ்வளவுதான்! மற்ற தாளில் வெளுத்துக் கட்டியிருந்தாலும் கணக்கில் வராது.

20 சதவீதம் போச்சு!

வாலிபருக்கு இன்னொரு இடி. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை என்று 2010-ல் சட்டம் வந்தது. 2020-ல் அதைத் திருத்தினார்கள். பட்டப்படிப்பு மட்டும் தமிழில் இருந்தால் போதாது, பள்ளிப்படிப்பும் தமிழ் வழியாக இருக்க வேண்டும் என்றார்கள்.

இவர் பிளஸ்-2 வரை தமிழில்தான் படித்தார். "இங்கிலீஷ்ல படிச்சாத்தான் வேலை" என்று அக்கம்பக்கத்தார் சொன்னதால் கல்லூரியில் ஆங்கில வழி எடுத்துவிட்டார். சலுகை கைநழுவிவிட்டது!

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய் படிக்க இடம் உண்டு. வகுப்பு இல்லாத நாட்களில் அங்கேதான் வாசம்.

"6-வது எங்கம்மா!"

1992-ம் ஆண்டு 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1-ல் அமலுக்கு வந்தது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று 18 வேலைகளை 12-வது அட்டவணை அடுக்குகிறது. குடிநீர், சாலை, தெருவிளக்கு, சுடுகாடு வரை அதில் உண்டு. வாலிபர் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார். 6-வதில் மட்டும் நிறுத்துகிறார். பொது சுகாதாரம், துப்புரவு, குப்பை.

"6-வது எங்கம்மாண்ணா" என்கிறார்.

2 முறை முதல்நிலையிலேயே தோல்வி. இதற்கிடையே தனியார் கம்பெனி ஒன்று வேலைக்குக் கூப்பிடுகிறது. போனால் தங்கையின் பீஸ் பிரச்சினை தீரும். படிப்புக்கு நேரம் இருக்காது. என்ன செய்வது? தாயிடம் கேட்டோம்.

"ரெண்டு தபா போச்சுன்னு உட்டுற முடியுமா தம்பி? பீசுக்கு நான் வீட்டு வேலைக்கும் போறேன். அவன் எழுதட்டும்" என்றார்.

மகன் தலை குனிந்துகொண்டார். கம்பெனிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த குரூப்-2 அறிவிப்பு வந்ததும் விண்ணப்பம் போடுகிறார். இதுதான் கடைசி முறை என்று தனக்குத்தானே கெடு வைத்திருக்கிறார். தாய்க்கு அந்தக் கெடு தெரியாது!