வாவியில் ஓசையற்ற படகு



சித்திரை மாதத்து வசந்த காலத்தில் நுவரெலியாவுக்குச் சென்று வந்தவர்களுக்குக் கிரகரி வாவியைப் பற்றி நான் வருணிக்க வேண்டியதில்லை. ஆளுநராயிருந்த சேர் வில்லியம் கிரகரி 1873 ஆம் ஆண்டில் அமைப்பித்த வாவி அது. 1913 ஆம் ஆண்டில் அதன் நீர் ஒரு சுரங்க வழியாகத் திருப்பப்பெற்று, நகருக்கும் நானுஓயாவுக்கும் இடையிலுள்ள பிளாக்பூல் என்னுமிடத்து மின்னிலையத்தைச் சென்றடைந்தது. இலங்கை நீர்மின்சாரத்தின் தந்தையெனப் போற்றப்படும் பொறியியலாளர் விமலசுரேந்திர அவர்களின் கைவண்ணம் அந்நிலையம். வாவியின் நீரே இவ்வாறு மின்சாரமாக மாறி நகருக்கு ஒளியூட்டியது. அவ்வாறாயின், மின்சாரத்தைக் கொண்டு அதே வாவியிற் படகோட்டுதல் எவ்வாறு என்பதே இன்று நாம் ஆராயப்போகும் பொருள்.

சிறு படகின் பின்பலகையிற் பூட்டி, வேண்டாதபோது கழற்றி எடுத்துச் செல்லத்தக்க இயந்திரத்தை வெளியிணைப்பு இயந்திரம் என்கிறோம். கரையோரத்து மீனவர் இதனைச் சுருக்கமாக 'இஞ்சின்' என்பர். இது பெற்றோலுக்கே உரியது என்று பலரும் எண்ணுவர், உண்மை அதுவன்று. ஓல் எவின்ரூட் என்பாரின் பெற்றோல் இயந்திரம் அமெரிக்காவில் 1909 இலேதான் விற்பனைக்கு வந்தது. அதற்கு இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1881 இல், குஸ்தாவ் துரூவே என்னும் பிரெஞ்சுக்காரர் கழற்றத்தக்க மின்மோட்டாரொன்றைப் படகிற் பூட்டிப் பாரிஸ் நகரத்துச் சேன் நதியில் ஓட்டிக் காட்டினார். மூத்தவர் பின்தங்கி இளையவர் முந்தியமைக்குக் காரணம் பற்றரியின் பாரமே. ஒரு கிலோ பெற்றோலில் அடங்கிய சக்தியை ஈயப் பற்றரியிற் சேமிப்பதற்கு முந்நூறு கிலோவுக்கு மேல் வேண்டும். பெற்றோல் இயந்திரம் அச்சக்தியிற் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறதென்பதைக் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமே.

ஆயினும் மலைநாட்டிலே மின்மோட்டாருக்குத் தனிச் சலுகையொன்றுண்டு. பெற்றோல் எரிவதற்குக் காற்று வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிற் காற்றழுத்தம் கீழ்நாட்டிலிருப்பதில் ஐந்தில் நாலு பங்களவே. ஆகவே நீர்கொழும்பிற் பத்துக் குதிரைவலு தரும் இயந்திரம் இங்கே எட்டைத் தந்தாலே பெரிது. மின்மோட்டாருக்கோ எரிக்க எதுவுமில்லை. மலையுச்சியிலும் கடற்கரையிலும் அதற்கு ஒரே வலிமைதான்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நால்வர் அமரும் பன்னிரண்டடிப் படகொன்று. அதற்கு 12 வோல்ற்று, 100 அம்பியர்-மணி கொண்ட ஈயப் பற்றரி ஒன்று என வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கினால் 1,200 வற்-மணி. ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குறுகும். ஆதலால் நமக்கு உதவுவது 600 மாத்திரமே. மோட்டாரை முழுவேகத்தில் விட்டால் அது 50 அம்பியர் வரை இழுக்கும். ஒரு மணி நேரம் முடியுமுன்னரே கையிருப்புத் தீர்ந்துவிடும். அன்றியும், ஈயப் பற்றரியிலிருந்து வேகமாக எடுக்க எடுக்க அது தருவதும் குறையும்.

இங்கேதான் நீரின் இயல்பொன்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும். நீரைக் கிழித்துச் செல்லும் படகின் வேகத்தை இரட்டிப்பதற்கு இருமடங்கு வலு போதாது. ஏறத்தாழ எண்மடங்கு வேண்டும். எனவே வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் செலவு எட்டில் ஒன்றாகிறது. ஏட்டுக்கணக்கின்படி அதே பற்றரி எட்டு மணி நேரம் உழைக்கும். செல்லும் தூரமோ நான்கு மடங்கு. நடைமுறையில் இவ்வளவு தாராளம் கிட்டாதெனினும், அவசரப்படாதவனுக்கே மின்படகு என்பது தெளிவு. நீர்ச்சறுக்கு விளையாட வந்த இளைஞர்களுக்கு இதனை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

லிதியம் இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரி என இக்காலத்தில் வருவது பாரத்திற் பாதிக்கும் குறைவு. அதில் எண்பது வீதம் வரை அச்சமின்றிப் பயன்படுத்தலாம். விலைதான் கைகடிக்கும். தை, மாசி மாதங்களில் நுவரெலியாவிற் புல்லின்மேற் பனி உறையும் அதிகாலையில் இதற்கு மின்னேற்றலாகாது. உறைநிலைக்குக் கீழே மின்னேற்றப்பட்டால் அது கெட்டுவிடும். வெயிலேறும் வரை பொறுத்திருங்கள்.

பெற்றோலை விட்டு இதற்கு ஏன் மாறவேண்டுமெனப் படகோட்டிகள் கேட்கலாம். பழைய இருவீச்சு இயந்திரங்கள் தமக்கு ஊட்டும் எண்ணெயிற் கால்வாசி வரையும் எரிக்காமலே நீரில் விட்டுவிடுகின்றன. ஓடும் ஆற்றை விட, தேங்கி நிற்கும் வாவிக்கு இது கொடியது. மேலும் 2022 ஆம் ஆண்டை நாம் மறந்துவிடவில்லை. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். வாராந்தப் பங்கீட்டில் அளந்து பெற்றோம். ஆனால் நேர்மையாகப் பேசுவதாயின், அதே ஆண்டு பங்குனி மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரமும் தடைப்பட்டதே! அன்று மின்மோட்டார் வைத்திருந்தவனும் கரையிலேதான் நின்றிருப்பான், கூரையிற் சூரியத்தகடு இருந்தாலன்றி.

அட்டன் பகுதியிலே காசல்ரீ, மவுசாகலை என்னும் நீர்த்தேக்கங்கள் உள்ளன. இவை உல்லாசத்துக்காக அன்றி, 1960 களில் மின்னுற்பத்திக்காக அமைக்கப்பட்டவை. அனுமதியின்றி அங்கே படகிறக்கலாகாது. மவுசாகலையின் அடியிற் பழைய மஸ்கெலியா நகரமே கிடக்கிறது. நீர் வற்றுங் காலத்திற் பழைய கோயிலின் சுவர்கள் வெளிப்படுவதைக் கண்டு, தம் பாட்டன் கும்பிட்ட இடமென்று கைகூப்புவோர் இன்றுமுளர். சுவர் முழுதாக வெளித்தெரியும் நாளில் ஆபத்தில்லை. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அது மறைந்திருக்கும் நாளில்தான், மோட்டாரின் விசிறி கல்லில் மோதி முறியும். படகு கவிழ்தலும் கூடும். நீர்மட்டம் வாரத்துக்கு வாரம் மாறுவதால், சென்ற மாதம் போன வழியென்று நம்பிச் செல்லாதீர்கள். அவ்விடத்து மனிதரைக் கேட்டுப் போங்கள்.

காற்றையும் மறக்கலாகாது. தென்மேற்குப் பருவத்தில் மலையிடுக்குகளினூடே வரும் காற்று, போகும்போது முதுகைத் தட்டிக்கொடுத்துத் திரும்பும்போது முகத்தில் அறையும். பற்றரியில் மூன்றிலொரு பங்கு போவதற்கு, மூன்றிலொன்று வருவதற்கு, எஞ்சியது தொடாமல் வைப்பதற்கு. துடுப்பிரண்டும் எப்போதும் படகிற் கிடக்கட்டும். உயிர்காப்பு அங்கி உடலில் இருக்கவேண்டும், இருக்கைக்கடியிலன்று. பற்றரியை மழைநீர் புகாத, காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து, அதன் முனைக்கு அருகிலேயே உருகி ஒன்றைப் பொருத்துங்கள். ஈயப் பற்றரி மின்னேற்றப்படும்போது ஐதரசன் வாயு வெளிவரும். அருகில் நின்று சுருட்டுப் பற்றவைப்பது விபரீதம்.

ஓசையின்மையைப் பெருமையாகச் சொன்னேன், அதுவே குறையுமாகும். நீந்துகின்ற சிறுவனுக்கு உங்கள் படகு வருவது கேட்காது. ஆதலால் கரையை அண்மும்போது மோட்டாரை நிறுத்திவிட்டு, துடுப்பை வலித்தே வாருங்கள்.