நாலு மணி நேர வேலை, பாடம் எந்த மணியில்?

"மார்ச் 31-க்குள் பாடங்களை முடிக்கச் சொல்கிறார்கள். முடிக்காவிட்டால் சம்பளம் நிற்குமா?" மகாராஜபுரம், வத்திராயிருப்பு பக்கத்துக் கிளை அஞ்சலகங்களிலிருந்து வரும் கடிதங்களில் இதே கேள்விதான்.

இந்தப் பாடங்கள் இருக்கும் இடம் அஞ்சல் துறையின் இணையப் பயிற்சித் தளமான 'டாக் கர்மயோகி'. அது 2022 ஜூன் 28-ல் தொடங்கியது. கிராமிய அஞ்சல் ஊழியர், துறை ஊழியர் என ஏறத்தாழ 4 லட்சம் பேருக்கு ஒரே தரமான பயிற்சி என்றது அரசு. தரத்தை விடுங்கள், நேரத்தைப் பார்ப்போம்.

கிராமிய அஞ்சல் ஊழியருக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, வேலை நேரத்தை அளந்து தரும் படி. 2018 ஜூலை முதல் கிளை போஸ்ட்மாஸ்டருக்கு 4 மணி நேரத்துக்கு 12,000 ரூபாய், 5 மணி நேரத்துக்கு 14,500 ரூபாய் தொடக்கம், அகவிலைப்படி தனி. அந்த நேரத்துக்குள் தபால் பை, பணம் கட்ட வருவோர், கணக்கு முடிப்பு எல்லாம் அடங்க வேண்டும். பாடம் எப்போது? 'எப்போது வேண்டுமானாலும், எங்கிருந்து வேண்டுமானாலும்' என்கிறது அரசு. அதாவது, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. மதுரை அஞ்சல் பயிற்சி மையத்துக்குப் போகும் துறை ஊழியருக்குப் பயிற்சி நாளும் வேலை நாள்தான். செல்போனில் படிப்பவருக்கு அந்த மணி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஏற்பாட்டில் கெட்டிக்காரத்தனமும் இருக்கிறது. ஓரிருவரே பார்க்கும் அலுவலகத்தைப் பயிற்சிக்காகப் பூட்ட வேண்டாம். மாற்றாள் தேட வேண்டாம். மிச்சம் துறைக்கு.

இறுதித் தேர்வு முடிந்ததும் சான்றிதழ் தானாக மின்னஞ்சலில் வந்துவிடும். விடையைத் தட்டியது போஸ்ட்மாஸ்டரா, பத்தாம் வகுப்பு படிக்கும் அவர் மகளா என்று சான்றிதழ் சொல்லாது. மேலதிகாரிக்கு வேண்டியது எத்தனை பேர் முடித்தார்கள் என்ற எண்ணிக்கை, அது வந்துவிடுகிறது.

படி நிற்குமா? எழுத்தில் உத்தரவு கேளுங்கள். வாட்ஸ்அப் மிரட்டல் உத்தரவு ஆகாது.

சான்றிதழ் வரவில்லையா? பதிவான மின்னஞ்சல் உங்களுடையதா, செல்போன் கடைக்காரர் திறந்து கொடுத்ததா என்று பாருங்கள்.

டாக் கர்மயோகி வேறு, 'ஐகாட்' வேறா? ஐகாட், அரசு ஊழியர்களுக்கான பொதுப் பயிற்சித் தளம். 2020 செப்டம்பரில் அமைச்சரவை ஒப்புதல் தந்த 510.86 கோடி ரூபாய்த் திட்டத்தில் பிறந்தது.

வீடியோ புரியவில்லையா? தளத்திலேயே மதிப்பெண் போடவும் கருத்து எழுதவும் இடம் உண்டு. எழுதும்போது, அதைப் பார்த்தது இரவு எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.