தகரப்பெட்டியில் கிடந்த வாழைமர நோட்டு

லுக்குட், போர்ட்டிக்சன் பக்கம் பழைய தோட்டக் குடும்பங்களின் தகரப்பெட்டியைத் திறந்தால், பிறப்புப் பத்திரத்துக்கும் மங்கிப்போன புகைப்படங்களுக்கும் அடியில் வாழைமரம் அச்சிட்ட பத்து வெள்ளி நோட்டு ஒன்று இன்றும் அகப்படுவதுண்டு. பேரப்பிள்ளைகள் அதை விளையாட்டுக் காசு என்று நினைக்கிறார்கள். தாத்தாவுக்கு அது வேலை செய்து வாங்கிய சம்பளம்.

பணத்தின் மதிப்பு சரிந்தால் எல்லாருக்கும் நட்டம்தான். ஆனால் பிழைக்க வந்த நாட்டில் இருப்பவனுக்கு அடி பலமாக விழும். உள்ளூர்க்காரனுக்கு வயலோ பழமரமோ உண்டு. நம் முன்னோர் குடியிருந்த லயமும் வெட்டிய பால்மரமும் தோட்டத்துக்குச் சொந்தம். தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தவை கையில் உள்ள காசும், மனைவி கழுத்தில் கிடந்த நகையும்தான். ஊருக்குத் திரும்பும் நாளுக்காகச் சேர்த்த காசு அது.

1942இல் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததும் தன் ராணுவ நோட்டை வெளியிட்டான். பழைய வெள்ளிக்குச் சமம் என்று அறிவித்தான். பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்ததால் ‘வாழைமர நோட்டு’ என்று பெயர் வந்தது. அந்த நோட்டுக்குப் பின்னால் தங்கமும் இல்லை, வேறு சொத்தும் இல்லை. செலவுக்குத் தேவைப்படும்போதெல்லாம் அச்சடித்தார்கள். பின்னாளில் வந்தவற்றில் வரிசை எண்கூடக் கிடையாது. இரண்டு எழுத்து மட்டும் இருந்தது. எத்தனை அச்சானது என்று யாரும் எண்ணிப் பார்க்க முடியாது.

பணம் பெருகியது; பொருள் சுருங்கியது. மலாயா தின்ற அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. கப்பல் போக்குவரத்து குலைந்ததும் அதுவும் குறைந்துபோனது. ரப்பர் வாங்கிய மேற்கு நாடுகளோ எதிரி நாடுகள். பால் வெட்டுவதில் வருமானம் இல்லாமல் தோட்டங்களில் மரவள்ளி நட்டார்கள். சயாம் மரண ரயிலுக்கு ஆள் பிடித்துப் போன கொடுமையும் அப்போதுதான். 1945இல் ஆயிரம் வெள்ளி நோட்டே வெளிவந்தது என்றால் விலைவாசி எப்படி ஏறியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்குப் பணம் அனுப்பும் வழியும் அடைபட்டது. ஊரில் தாய் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாதவன், அவளுக்காக நோட்டைச் சேர்த்துக்கொண்டிருந்தான்.

1945 செப்டம்பரில், போர்ட் கிள்ளானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடைப்பட்ட கரையில், லுக்குட்டுக்கு வெகு தொலைவில் இல்லாத இடத்தில், பிரிட்டிஷ் இந்தியப் படை வந்திறங்கியது. வாழைமர நோட்டு செல்லாது என்று பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் அறிவித்துவிட்டது. மாற்றித் தரவும் இல்லை. பயந்து பயந்து பழைய ஜார்ஜ் மன்னர் நோட்டைப் பதுக்கி வைத்திருந்தவன் பிழைத்துக்கொண்டான். நகையை விற்காமல் வைத்திருந்தவளும் பிழைத்துக்கொண்டாள்.

கடன் விவகாரங்களுக்கு மட்டும் 1948இல் சட்டம் வந்தது. ஜப்பான் காலக் கடன் எந்த மாதத்தில் வாங்கியதோ, அந்த மாதத்து மதிப்புக்கேற்பக் கணக்கிட அட்டவணை போட்டார்கள். வட்டிக்குக் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் வழி பிறந்தது. கூலியைச் சேமித்தவனுக்கு அப்படி ஓர் அட்டவணை போட யாரும் முன்வரவில்லை. இது எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம்.

அடுத்த அடி சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது. 1967 ஜூன் 12இல் பேங்க் நெகாரா புதிய மலேசிய வெள்ளியை வெளியிட்டது. பழைய நோட்டும் கூடவே செல்லுபடியானது. நவம்பர் 18இல் பிரிட்டன் பவுனின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்தது. பழைய நோட்டு பவுனோடு கட்டுண்டது. புதிய நோட்டை அரசாங்கம் குறைக்கவில்லை. அதனால் பழைய வெள்ளி ஒன்று 85 காசாகிவிட்டது. வாங்கும்போது முழு வெள்ளி, தூங்கி எழுந்தால் 85 காசு! பினாங்கில் கடையடைப்பு கலவரமாக முடிந்து உயிர்கள் போயின. அங்கேயும் பெட்டியில் பழைய நோட்டைச் சேர்த்து வைத்திருந்தவன்தான் அகப்பட்டுக்கொண்டான்.

ஊரில் போட்டு வைத்தால் பத்திரம் என்று நினைத்தவர்களுக்கும் பாடம் காத்திருந்தது. 1966 ஜூன் 6இல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது 7.50 ஆனது. அதாவது நம் ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ ஒன்றரை ரூபாய் கிடைத்த இடத்தில் இரண்டரை ரூபாய் அளவுக்குக் கிடைத்தது. அதன்பின் அனுப்பியவனுக்கு லாபம். முன்பே அனுப்பி ஊர் வங்கியில் போட்டவனின் சேமிப்பு, வெள்ளிக் கணக்கில் பார்த்தால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துபோனது.

1997–98 நெருக்கடி பலருக்கு நினைவிருக்கும். டாலருக்கு 2.50 அளவில் இருந்த ரிங்கிட், 1998 ஜனவரியில் 4.88 வரை சரிந்தது. ரிங்கிட்டுக்கு 14 ரூபாய் போல இருந்தது 9 ரூபாய்க்கும் கீழே வந்தது. பிள்ளைகளை இந்தியாவில் படிக்க வைத்த பெற்றோருக்குத்தான் தெரியும் அந்த ஆண்டு. செப்டம்பரில் அரசாங்கம் 3.80 என்று கட்டிப்போட்டது. 2005 ஜூலையில்தான் அவிழ்த்தது.

இன்று நம் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுபவர்களில் பலர் வங்காளதேசத்தவர், இந்தோனேசியர், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். நம் தாத்தா நின்ற இடத்தில் இப்போது அவர்கள் நிற்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளோ சிங்கப்பூரில் சம்பாதிக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் ரிங்கிட் டாலருக்கு 4.80ஐத் தொட்டது, அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் 4.12 அளவுக்கு ஏறிவிட்டது. சரிவைப் பார்த்து, இதே விகிதம் நிலைக்கும் என்று நம்பி ஊரில் வீட்டுக் கடன் எடுத்த சிங்கப்பூர்த் தொழிலாளிக்குத் தவணை அதே தொகை. மாற்றினால் கையில் வருவது மட்டும் குறைந்துபோயிருக்கும்.

பணம் அனுப்பும் கடைகளில் ‘கட்டணம் குறைவு’ என்று எழுதியிருப்பதை நம்பி நுழைகிறோம். கட்டணத்தைக் குறைத்துவிட்டு, மாற்று விகிதத்தில் பிடித்துக்கொள்வதும் உண்டு. முகப்பில் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: “நான் இப்போது ஆயிரம் வெள்ளி கொடுத்தால், எல்லாம் போக, ஊரில் வீட்டுக்காரர் கையில் எவ்வளவு விழும்?” இரண்டு மூன்று கடையில் கேட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.