ஃபார்மேட் போடுவதற்கு முன் ஒரு சிடி: ஐஎஸ்ஓ கோப்பை எழுதும் முறை

வீட்டுக் கம்ப்யூட்டர் ஒருநாள் விண்டோஸ் வரை போகாமல் கருப்புத் திரையில் நின்றுவிடுகிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ஃபார்மேட் போட்டுடலாம்." அந்தப் பெட்டிக்குள் மகளின் நிக்காஹ் வீடியோவும், வஃபாத்தான அத்தாவின் புகைப்படங்களும், பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேன்களும் இருப்பது கடைக்காரருக்குத் தெரியாது. நாம் சொன்னால்தான் தெரியும்.

விண்டோஸ் கெட்டுப்போவது வேறு, ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போவது வேறு. விண்டோஸ் மட்டும் கெட்டிருந்தால் நம் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும், திறந்து பார்க்கத்தான் வழி இருக்காது. அந்த வழியைத் தருவது லைவ் சிடி. ஹார்ட் டிஸ்க்கில் எதையும் நிறுவாமல் சிடியிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கி, கோப்புகளைப் பென் டிரைவுக்கு மாற்றிக்கொள்ளலாம். பப்பி லினக்ஸ் இதற்கு ஏற்றது. இலவசம், சட்டப்படியானது, அதன் பல பதிப்புகள் ஒரே சிடியில் அடங்கிவிடும்.

பென் டிரைவ் இருக்கும்போது சிடி எதற்கு என்று இளைஞர்கள் கேட்பார்கள். புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள பட்டறைகளிலும் வீடுகளிலும் கணக்குப் போடவும் படம் பார்க்கவும் வைத்திருக்கும் பழைய பெட்டிகளில் சில, பென் டிரைவிலிருந்து தொடங்கவே தொடங்காது. சிடியிலிருந்து தொடங்கும்.

இணையத்திலிருந்து இறக்கினால் கிடைப்பது ஐஎஸ்ஓ என்று முடியும் ஒரே ஒரு கோப்பு. பலரும் தடுமாறுவது இங்கேதான். பாட்டு, பயான் கோப்புகளைப் போல அதையும் காலி சிடிக்குள் இழுத்துப் போட்டு எழுதிவிடுகிறார்கள். துபாயிலிருந்து வந்த அட்டைப்பெட்டியைக் கயிறு அவிழ்க்காமல் வாசலிலேயே வைத்த மாதிரிதான் அது. சாமான் வந்துவிட்டது, ஆனால் எதுவும் உதவாது. கம்ப்யூட்டர் அந்த சிடியைக் கண்டுகொள்ளாமல் மறுபடியும் அதே கருப்புத் திரைக்குப் போய்விடும்.

இன்னும் சிலர் வின்ரார் கொண்டு அந்தக் கோப்பைப் பிரித்து, உள்ளே இருப்பதையெல்லாம் சிடியில் எழுதுவார்கள். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். அப்போதும் தொடங்காது. காரணம், ஐஎஸ்ஓ என்பது கோப்புகளின் மூட்டை மட்டுமல்ல, ஒரு தட்டின் முழு நகல். தட்டு 2048 பைட் கொண்ட பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் 16-ஆவது பகுதியில் தட்டின் விவரமும், 17-ஆவதில் 'கம்ப்யூட்டரை இங்கிருந்து தொடங்கு' என்ற குறிப்பும் இருக்கும். பின்னதை 1995-இல் ஐபிஎம், ஃபீனிக்ஸ் நிறுவனங்கள் வகுத்தன, பெயர் எல் டொரிட்டோ. கோப்புகளைத் தனியாக எடுத்து எழுதும்போது இந்தக் குறிப்பு விடுபட்டுப்போகிறது.

சரியான முறை எளிது. விண்டோஸ் 7-உம் அதற்குப் பின் வந்தவையும் உள்ள வேறொரு கம்ப்யூட்டரில், ஐஎஸ்ஓ கோப்பின் மேல் வலது கிளிக் செய்தால் 'பர்ன் டிஸ்க் இமேஜ்' என்று வரும். வின்ரார் போன்றவை நிறுவப்பட்டிருந்தால் அந்த வரி மறைந்திருக்கலாம். அப்போது 'ஓப்பன் வித்' போய் 'விண்டோஸ் டிஸ்க் இமேஜ் பர்னர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதிலேயே எழுதி முடித்தபின் சரிபார்க்கும் கட்டம் ஒன்று இருக்கிறது, அதை டிக் செய்யாமல் தொடங்க வேண்டாம். எக்ஸ்பியில் இந்த வசதி கிடையாது, அங்கே இமேஜ்பர்ன் என்ற இலவச மென்பொருள் வேண்டும்.

எழுதுவதற்கு முன் இன்னொரு வேலை. இறக்கும் பக்கத்தில் எஸ்எச்ஏ256 என்று நீளமாக எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி பெரும்பாலும் தரப்பட்டிருக்கும். செவன்-ஸிப் நிறுவியிருந்தால் வலது கிளிக்கிலேயே நம் கோப்பின் எஸ்எச்ஏ256-ஐப் பார்த்து ஒப்பிடலாம். ஓர் எழுத்து மாறினாலும் டவுன்லோட் பழுதாகிவிட்டது என்று அர்த்தம். மறுபடி இறக்குங்கள்.

சிடியில் 700 எம்பி கொள்ளும். உபுண்டு 2012 அக்டோபரில் வந்த 12.10 பதிப்பிலேயே அந்த அளவைத் தாண்டிவிட்டது. 2011 வரை அவர்கள் கேட்டவர்களுக்கெல்லாம் சிடியைத் தபாலில் இலவசமாகவே அனுப்பினார்கள், அது ஒரு காலம். பெரிய கோப்பு என்றால் டிவிடி வாங்க வேண்டும். அதன் மேல் 4.7 ஜிபி என்று போட்டிருந்தாலும் விண்டோஸ் கணக்கில் அது ஏறத்தாழ 4.38 தான். ஒருமுறை மட்டும் எழுதும் சிடி-ஆர் போதும். அதிலுள்ள சாயப் பூச்சை லேசர் சுட்டு மாற்றிவிடுகிறது, திரும்ப அழிக்க முடியாது. வேகத்தைக் குறைத்து 16 எக்ஸில் எழுதினால் நிறைந்த சிடிக்குச் சுமார் ஐந்து நிமிடம். பழைய டிரைவ்கள் நிதானமாக எழுதிய தட்டைத்தான் நன்றாகப் படிக்கின்றன.

இனி பழுதான பெட்டியில் சிடியைப் போட்டு இயக்குங்கள். முதல் திரை தோன்றும்போதே எஃப்12 அல்லது எஃப்2 அல்லது டெலீட் பொத்தானைத் தட்டினால் (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) எதிலிருந்து தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கலாம். பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவந்து தந்த லேப்டாப் உள்ள புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு: பிரெஞ்சு விசைப்பலகையில் ஏ எழுத்தைத் தட்டினால் கியூ விழும், கியூவைத் தட்டினால் ஏ விழும். பழுதில்லை. லைவ் சிடி அமெரிக்க விசைப்பலகை என்று நினைத்துக்கொள்கிறது. அமைப்பில் பிரெஞ்சு என்று மாற்றினால் சரியாகிவிடும்.

திரை வந்தபின் 'இன்ஸ்டால்' என்ற சொல் எங்கே தென்பட்டாலும் கை வைக்காதீர்கள். பல லினக்ஸ் சிடிகளில் அது ஹார்ட் டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவும் வழி. நமக்குத் தேவை ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து, கோப்புறைகளை நகலெடுத்துப் பென் டிரைவில் ஒட்டுவது மட்டுமே. வெட்டி எடுக்க வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். அது விண்டோஸ் கோளாறு அல்ல, தரவு மீட்பவரிடம் போக வேண்டிய விஷயம். அதற்குமேல் ஓடவிட்டால் இருப்பதும் போகும்.

நகலெடுத்து முடிந்தபின் பென் டிரைவை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, நாலைந்து படங்களைத் திறந்து பாருங்கள், நிக்காஹ் வீடியோவை நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். எல்லாம் ஓடினால் கடைக்காரரிடம் ஃபார்மேட் போடச் சொல்லலாம்.